இன்னும் நாலே நிமிஷம்

இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? இல்லீங்களா, அப்பச் சரி. நீங்க ஜன்னலோரமே இருங்க, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். பின்னாடி அத்தனை சீட்டு காலியாக் கிடக்குது, இவன் எதுக்கு நம்மகிட்ட வந்து ஒட்டறான்னு பாக்கறீங்க. சொல்றேனுங்க. உங்க சட்டைப் பாக்கெட்டுல பச்சைப் பேனா தெரிஞ்சுது. நீலம் ஒண்ணு, பச்சை ஒண்ணு. பச்சை மையில கையெழுத்துப் போடறவிய யாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? அந்தியூர் தாலூகா ஆபீசுக்கு எதுத்தாப்புல பதினாறு வருசமா ஜெராக்ஸ், லேமினேசன் கடை வச்சிருக்கறேன். பேரு சென்னியப்பன்.

கவர்மென்ட் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டருங்களா! அட சாமி, நல்லதாப் போச்சு. எங்கூரு குருநாதசாமியே ஈரோடு பஸ் ஸ்டாண்டுல உங்களை ஏத்தி விட்டிருக்கறாரு. தாராபுரம் வரைக்கும் போறீங்களா? நான் காங்கயத்துல எறங்கிக்குவேன். அதுக்குள்ள உங்களால எனக்கு ஒரு சின்ன வேலை ஆகோணும். பொறவு சொல்றேன், அவசரமில்லை.

எம் பொண்ணைப் பாக்கப் போறேனுங்க. பூவிகா. ஒம்பது வயசு, நாலாவது படிக்கிறா. என்ற மாமனார் வீட்டுல, அவ அம்மாகூட இருக்கறா. முப்பத்தெட்டு நாளாச்சுங்க. முப்பத்தெட்டு நாளா வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசலை. என்கிட்டன்னு இல்லை, ஆருகிட்டயும் பேசலை. அவ அம்மாகிட்ட, டாக்டர்கிட்ட, அங்க ஒரு நாய்க்குட்டி இருக்குது, அதுகிட்டக்கூட இல்லை. ஈரோட்டுல டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, தொண்டையில ஒண்ணுமில்லை, மனசுல பயம் உக்காந்துக்கிச்சுன்னுட்டாரு. அதுக்கு மருந்து என்ன சொன்னாருன்னு கேளுங்க. அப்பன் போயி பக்கத்துல உக்காந்து, தப்புப் பண்ணிட்டேங் கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமாம். சொன்னாப் பேசிருவாளாம்.

கேட்டீங்களா கதையை? நான் தப்புப் பண்ணுனேனாம். தப்புப் பண்ணுனது எம் பொண்டாட்டிங்க. ரூல்ஸ மீறுனது அவ. நாலு நிமிஷம் பொறுக்க முடியாம அத்தனையும் கெடுத்தது அவ. நான் போயி மன்னிப்புக் கேக்கறதாம்!

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு நியாயம் புரியும். எங் கடைக்கு வர்றதெல்லாம் என்னங்க? சர்டிபிகேட்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, பொறப்பு, இறப்பு, பத்தாவது மார்க் சீட்டு. காலையில ஒம்பது மணிக்கு மெசின சூடு பண்ணுனா சாயங்காலம் வரைக்கும் ஊரான் வீட்டு சர்டிபிகேட்டைத்தான் உள்ள விட்டு வெளிய எடுக்கறேன். என்ற பேருல என்ன இருக்குது? ரேசன் கார்டு. பத்தாவது பெயில். பதினாறு வருசமா அடுத்தவன் பெருமைக்குக் கண்ணாடிப் பேப்பர் போட்டுட்டு இருக்கறவனுக்கு, தன் வீட்டுல ஒண்ணு மாட்டோணும்னு ஆசை வரக் கூடாதுங்களா? நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் இமயவேந்தன் அய்யா கடைக்கு வந்தாரு. டாக்டர் இமயவேந்தன். ஊசி போடற டாக்டர் இல்லீங்க, பட்டம். எந்தக் காலேஜுன்னு நான் கேட்டதில்லை, பெரியவியகிட்ட அதெல்லாம் கேக்கப்படாது. "உலக ரத்தினங்கள் சாதனை மன்றம்"னு வச்சு நடத்தறாரு. அறுவது சர்டிபிகேட்டு ஒரே நேரத்துல லேமினேசனுக்குக் கொண்டாந்தாரு. அறுவதும் உலக சாதனை! எல்லாம் பவானி, கோபி, பெருந்துறைப் பக்கத்துப் புள்ளைக. எனக்கு மயிரெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. நம்மளச் சுத்தி இத்தனை உலக சாதனை நடக்குது, நாம இங்க வருமானச் சான்றை ஜெராக்ஸ் எடுத்துட்டு உக்காந்திருக்கறோம்னு.

பூவிகாவுக்கு அப்ப நாலு வயசு. மொதல் சாதனை, ஐஸ் கட்டி மேல உக்காந்து தமிழ்நாட்டு மாவட்டம் பூராத்தையும் ஒப்பிக்கறது. பதினோரு நிமிஷம். விழுப்புரத்துல பல்லு அடிச்சுக்க ஆரம்பிச்சிருச்சு, இருந்தாலும் விடலையே! மூணு நாள் காய்ச்சல். காய்ச்சல் போயிருச்சு, சர்டிபிகேட்டு இருக்குதில்லைங்க? அடுத்தது மண்பானை மேல நின்னு யோகா. அதுக்கடுத்தது உள்ளங்கை மேல மோட்டார் சைக்கிள் ஏத்தறது. பன்னெண்டு வண்டி. வலது கையில ஒரு நகம் போச்சு. நகம் மொளைக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு. அழுதாளான்னு கேக்கறீங்களா? அழுதா. கலெக்டர் ஆபீசுல சால்வை போடறப்ப அழுதா. ஆனந்தக் கண்ணீருங்க அது. போட்டோவுல பாத்தா நல்லாத் தெரியும், ப்ளெக்ஸ்ல அந்தப் போட்டோதான் போட்டோம்.

பிடிச்சுத்தான் பண்ணுனாளான்னு கேக்கறீங்க. ஹெட்மாஸ்டர்னு காட்டிட்டீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், உங்க ஸ்கூல்ல கணக்குப் பாடம் புடிச்சா வர்றாங்க? வர வைக்கறதில்லையா? அதேதானுங்க.

ஆனா தண்ணின்னா அவளுக்கு உசுரு. பொய் சொல்லப்படாது. அது நான் சொல்லித் திணிச்சது இல்லை. எங்க தோட்டத்துக் கிணத்துல நான்தான் நீச்சல் பழக்குனேன், இடுப்புல ப்ளாஸ்டிக் கேனைக் கட்டி. ஒரே வாரத்துல கேனைக் கழட்டி வீசிட்டா. மேல்படியில இருந்து ஓடியாந்து குதிப்பா. குதிக்கறதுக்கு முன்னால, "அப்பா, இங்க பாருங்க! அப்பா, பாக்கறீங்களா?"ன்னு கத்துவா. பாக்கறேன் பாக்கறேன்னு சொன்னாத்தான் குதிப்பா. ஞாயித்துக்கெழமைன்னா அப்பனும் புள்ளையும் கிணத்துலதான். அவ அம்மா மேல நின்னு, சோறு ஆறுதுன்னு சத்தம் போட்டுட்டே இருப்பா. அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. இப்ப குளிக்கறதுக்கே தண்ணிகிட்டப் போறதில்லையாம், ஈரத்துணியில தொடச்சு விடறாங்களாம்.

ஒரு நா அவ மல்லாக்கப் படுத்து மெதந்துட்டே கண்ண மூடிக்கிட்டா. அப்படியே இருவது நிமிஷம், ஒரு அசைவில்லை. நான் படியில உக்காந்து போன்ல நேரம் பாத்தேன். சும்மாதான் பாத்தேன். இருவது நிமிஷம்! அன்னைக்கு சாயங்காலமே இமயவேந்தன் அய்யாவுக்குப் போன் போட்டேன்.

அவரு சாதனைப் புஸ்தகத்தைப் பொரட்டிப் பாத்து, கை காலைக் கட்டிக்கிட்டு ஆழ்கிணத்துல மெதக்கறது, பத்து வயசுக்குக் கீழ, மூணு மணி நேரம், மேச்சேரிப் பையன் ஒருத்தன் வச்சிருக்கறான்னு சொன்னாரு. மூணு மணி நேரம் ஒரு நிமிஷம் மெதந்தா நம்மதுதான்னாரு. ரூல்ஸ் மொத்தம் ரெண்டுதான். மூக்கு தண்ணிக்கு வெளிய இருக்கோணும். ஆரும் தொடக் கூடாது. தொட்டா அந்த நிமிஷமே ரத்து.

பாதுகாப்பு இல்லாமச் செய்வமுங்களா? லாரி ட்யூப்பு ஒண்ணு காத்தடிச்சுக் கயித்துல கட்டி வச்சிருந்தோம். போட்டோவுல குறுக்க விழுகுதுன்னு கேமராக்காரர் சொன்னாரு, அதனால மேல, மோட்டார் ரூம்புகிட்ட எடுத்து வச்சோம். நீச்சல் தெரிஞ்ச ரெண்டு பேரு இருந்தாங்க. அவிய பந்தியில சாப்பிடப் போயிருந்தாங்க. ஐநூறு பேருக்கு சாப்பாடு போட்டிருந்தேன், அவிய சாப்பிடறதுக்குள்ள பந்தி முடிஞ்சிரக் கூடாதில்லைங்க?

மார்கழி மாசம், காலையில எட்டு மணி. கையக் காலை மூவர்ணத் துணியில கட்டி, பூ மாதிரி இறக்கி விட்டோம். மேல மைக் செட்டு. ரெண்டு கவுன்சிலர் வந்திருந்தாங்க. ஒரு மணி நேரம் தாண்டுச்சு, கைதட்டல். ரெண்டு மணி நேரம், விசில். நான் தண்ணிக்கு மூணு படி மேல, போன்ல நேரத்தைப் பாத்துட்டே நிக்கறேன். என்ற அப்பன் செத்தப்பக்கூட எனக்கு நெஞ்சு அப்படி அடிச்சதில்லை. உதடு கொஞ்சம் நீலமாச்சு. அது பனிக்காத்துக்கு எல்லாருக்கும் ஆகறதுதான்.

ரெண்டு மணி அம்பத்தேழு நிமிஷம். இன்னும் நாலே நிமிஷம். அப்பத்தான் அவ என்னைக் கூப்புட்டான்னு சொல்றாங்க. "அப்பா, போதும்"னு சொன்னாளாம். எம் பொண்டாட்டி சொல்றா, கவுன்சிலர் சம்சாரம் சொல்லுது, சோறு போட்டுட்டு இருந்தவன்கூடக் கேட்டேங்கறான். எனக்குக் கேக்கலீங்க. மைக் செட்டு சத்தத்துல என்ன கேக்கும்? சத்தியமா எனக்குக் கேக்கலை.

வாய் தண்ணிக்குள்ள போச்சு, வந்துச்சு. போச்சு, வந்துச்சு. மூக்கு வெளியதான் இருந்துச்சு, ரூல்ஸ்படி எந்தத் தப்புமில்லை. "தம் புடி கண்ணு, இன்னும் நாலே நிமிஷந்தான், அப்பா பாத்துட்டுத்தான் இருக்கறேன்"னு நான் சொல்லிட்டே இருக்கறேன், கோகிலா குதிச்சுட்டாளுங்க. எம் பொண்டாட்டி. கோகிலவாணி. பதினஞ்சடி மேல இருந்து, கட்டுன பட்டுச் சேலையோட, தொபுக்கடீர்னு.

அவளுக்கு நீச்சல் தெரியாதுங்க! கிணத்துத் தண்ணியில காலைக்கூட நனைச்சதில்லை. அம்பதடி ஆழம். நீச்சல் தெரியாத பொம்பளை இப்படிக் குதிக்கலாமுங்களா? உசுருக்கு எவ்வளவு ஆபத்து! கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமுங்களா ஒரு தாய்க்கு?

முங்கி எந்திரிச்சுப் புள்ளையப் புடிச்சுக்கிட்டா. ஒரு கையில புள்ள, ஒரு கையில படிக்கல்லு. முழங்கால் கிழிஞ்சு ரத்தம். "தொட்டாச்சு"ன்னு மேல இருந்து இமயவேந்தன் அய்யா மைக்குல சொன்னாரு. அவ்வளவுதானுங்க. ரத்து. தண்ணி தெறிச்சு என்ற போனும் நனைஞ்சு போச்சு. இன்னைக்கு வரைக்கும் காதுல வச்சா ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்லதான் போட்டுப் பேசோணும். அதையாச்சும் ஆராவது கேட்டாங்களா? ஊரே கோகிலாவைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது. நான் அந்தப் படியில தனியா நின்னுட்டு இருந்தேன். கேமராக்காரர்கூடப் போயிட்டாரு.

என்னங்க? கேக்கலைன்னு சொன்னவன், எதுக்கு இன்னும் நாலு நிமிஷம்னு பதில் சொன்னேனா? நீங்க ஒண்ணுங்க சார். அது பதில் இல்லை, ஊக்கம். கேட்டுச்சோ கேக்கலையோ, ஊக்கம் குடுக்கறது அப்பன் கடமை இல்லைங்களா?

அன்னைக்கு மூடுன வாய்தான். துணிக் கட்டை அவுத்து, ஒணத்தி, கட்டில்ல படுக்க வச்சு, நான் பக்கத்துல போயி, "பரவாயில்லை கண்ணு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு ஆறுதல் சொன்னேன். செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. அடுத்த நாள் காலையில கோகிலா அவளைக் கூட்டிட்டு பஸ் ஏறிட்டா. வீடு வெறிச்சோன்னு கிடக்குதுங்க. பதினோரு சர்டிபிகேட்டு செவுத்துல வரிசையா மாட்டியிருக்குது, அதுக்குக் கீழ நான் ஒருத்தன் உக்காந்து ஓட்டல் சோறு தின்னுட்டு இருக்கறேன். ஞாயித்துக்கெழமை கிணத்துப் பக்கம் போனா, "பாக்கறீங்களா"ங்கற சத்தம் காதுக்குள்ள கேக்குதுங்க. எனக்கு மட்டும் வருத்தம் இல்லைன்னு நெனைக்காதீங்க. அவ குரலைக் கேக்காம எனக்குச் சோறே எறங்கறதில்லை.

அரச்சலூர் வந்திருச்சுங்களா? இன்னும் அரை மணி நேரந்தான். விசயத்துக்கு வந்தர்றேன்.

பத்தொம்பது நாள் போச்சு. சரி, அந்த நாலு நிமிஷத்தைக் கொஞ்சம் விட்டுக் குடுத்து, ஆறுதல் சர்டிபிகேட்டாவது குடுங்கன்னு கேக்கலாம்னு இமயவேந்தன் அய்யாகிட்டப் போனேன். முடியாது, ரூல்ஸ் ரூல்ஸ்தான்னுட்டாரு. புள்ள எப்படி இருக்கறான்னு கேட்டாரு. பத்தொம்பது நாளாப் பேச்சில்லைங்கன்னேன். மனுசன் கண்ணாடியக் கழட்டுனாரு. "ஆருகிட்டயும் பேசலையா?"ன்னாரு. ஆருகிட்டயும் இல்லைங்கன்னேன். "எழுதிக் காட்டறது?" அதுவும் இல்லைங்க. எந்திரிச்சுப் போயி அந்தப் பெரிய புஸ்தகத்தை எடுத்துட்டு வந்தாரு.

இருக்குதுங்க சார்! மௌனம்னு தனிப் பிரிவே இருக்குது! பத்து வயசுக்குக் கீழ, ராஜஸ்தான்ல ஒரு பையன், நாப்பத்தோரு நாள். நாப்பத்திரெண்டு ஆச்சுன்னா எம் பொண்ணுதான். இன்னைக்கு முப்பத்தெட்டு. இன்னும் நாலே நாலு நாள்.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. பாருங்க, நான் ஒண்ணுமே சொல்லலை. பயிற்சி குடுக்கலை, தேதி குறிக்கலை, சாப்பாடு போடலை. தானா, அவளா, ஒரு சாதனை பண்ணிட்டு இருக்கறா. புடிச்சுப் பண்றாளான்னு கேட்டீங்களே, இதை ஆரு பண்ணச் சொன்னாங்க? ஆபத்துன்னு இதுல என்ன இருக்குது? இதைவிட ஒரு புள்ளைக்குப் பாதுகாப்பான சாதனை உண்டுங்களா?

நேத்து கோகிலா போன் பண்ணுனா. "நாளைக்கு வாங்க. வந்து அவகிட்ட அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருங்க. அப்பா வர்றாருன்னு அவகிட்டச் சொல்லிட்டேன், வாசல்லயே நிக்கறா"ன்னா. பேச்சுல கோவமே இல்லைங்க, கெஞ்சறா. நான் வர்றேன்னு சொன்னேன். வந்துட்டும் இருக்கறேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன்னு நான் சொல்லலீங்க. நாலு நாள் கழிச்சுக் கேக்கறேன். இப்பக் கேட்டு, அவ பாட்டுக்கு வாயத் தொறந்து அப்பான்னுட்டா? முப்பத்தெட்டு நாளும் பாழ். அந்தத் தப்பை நான் பண்ண மாட்டேன், கோகிலா பண்ணுவா. அதனாலதான் முந்தியே போயி, பக்கத்துலயே உக்காந்து காவல் இருக்கலாம்னு. பையில போன் ஸ்டாண்டு இருக்குது பாருங்க, கடைசி நாலு நாளும் வீடியோ எடுத்தாகோணும்.

இதாங்க மன்றத்துக்குக் குடுக்கற பாரம். ரெண்டு சாட்சி வேணும், ரெண்டும் பச்சைக் கையெழுத்து. ஒண்ணு கால்நடை டாக்டர்கிட்ட வாங்கிட்டேன், கடைக்கு வர்றவருதான். இன்னொண்ணு உங்களுது. படிச்சுப் பாருங்க: "மேற்படி குழந்தையின் குரலை இந்த நாட்களில் நான் கேட்கவில்லை." கேட்டீங்களா நீங்க? கேக்கலையே. பொய்யா எழுதச் சொல்லலை. மனசாட்சிப்படி போடலாம். சித்த அந்தப் பேனாவ எடுங்க.

இருங்க, அடிக்குது. கோகிலா நம்பர்தான். வந்துட்டனான்னு கேப்பா. அலோ, கோகிலா, அரச்சலூர் தாண்டிட்டேன். பஸ்ஸு நல்லாத்தான் வருது. அலோ? கோகிலா? லைன்ல இருக்கறயா? என்ன, மூச்சு மட்டும் கேக்குது?

ஆரு?

கண்ணு... வேண்டாங் கண்ணு. பேசாத சாமி. அப்பா வந்துட்டே இருக்கறேன். தம் புடிச்சுக்க, இன்னும் நாலே நாலு நாள்தான்...

கட் பண்ணிட்டேங்க. இந்தப் பக்கம் டவரே கிடைக்கறதில்லை. கரகரன்னு என்னமோ சத்தம்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? அது கோகிலாங்க. அம்மாளுக்கும் புள்ளைக்கும் குரல் ஒரே மாதிரி இருக்கும். அப்பான்னு கோகிலா எதுக்கு என்னைக் கூப்பிடறாளா? அது... அப்பான்னே சொல்லலீங்களே. எனக்குக் கேக்கலை. பஸ்ஸு சத்தத்துல என்ன கேக்கும்? நீங்க ஜன்னலோரம், காத்து வேற. உங்களுக்குக் கேட்டிருக்காது.

பேனாவ ஏனுங்க உள்ள வைக்கறீங்க? சார்? ஒரு கையெழுத்துதானுங்க.

மறுபடியும் அடிக்குது. அவதான். எடுத்தா அடுத்த வார்த்தையும் சொல்லிருவா. சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகுது, நீங்க எடுங்க. அப்பா தூங்கறாருன்னு சொல்லிருங்க.